சிவப்புக் கோடு விழுந்ததும் தட்டாதீர்கள்: இங்கிலீஷைப் பிழையில்லாமல் எழுத ஆன்லைன் கருவிகளைப் பயன்படுத்தும் முழு வழிகாட்டி

ராணிப்பேட்டையில் ஒரு தோல் ஏற்றுமதிக் கம்பெனியில் பதினோரு வருடம் கரஸ்பாண்டன்ஸ் பார்த்தவன் நான். வெளிநாட்டு பையர்களுக்கு, அதாவது தோல் வாங்குபவர்களுக்கு, மெயில் எழுதுவதுதான் வேலை. நான் எழுதியதைப் பார்க்க மேலே ஒரு மேனேஜர் இருந்தார். பிரிண்ட் எடுத்துக்கொண்டு போய் நீட்டினால் சிவப்புப் பேனாவில் அடித்துத் தருவார், நானும் அடித்ததை அப்படியே டைப் செய்து அனுப்பிவிட்டு டீ குடிக்கப் போய்விடுவேன். 'டிஸ்கஸ் அபௌட்' என்பதில் இருக்கும் 'அபௌட்'டை அந்த மனிதர் எத்தனை முறை அடித்திருப்பார் என்று கணக்கே கிடையாது. அவர் ரிட்டயர் ஆன வாரம் நான் அனுப்பிய முதல் மெயிலிலேயே 'டிஸ்கஸ் அபௌட்' இருந்தது.

இன்றைக்கு அந்த மேனேஜர் எல்லோர் போனிலும் உட்கார்ந்திருக்கிறார். கிராமர்லி, லாங்குவேஜ்டூல், வேர்ட், கூகுள் டாக்ஸ், சாட்ஜிபிடி என்று பெயர்தான் வேறு வேறு. அவர் கோடு போட்டு அடிக்கிறார், அவர் காட்டும் திருத்தத்தை நாம் விரலால் தட்டி ஏற்றுக்கொள்கிறோம், மெயில் போய்விடுகிறது, மறுநாள் அதே பிழை.

இப்போது சத்துவாச்சாரியில் மாடியில் ஒரு சின்ன ஈவினிங் கிளாஸ் நடத்துகிறேன். காட்பாடிப் பக்கம் கல்லூரி முடிக்கிற பிள்ளைகள், வெளிநாட்டு வேலைக்குத் தேர்வு எழுதப்போகும் நர்ஸ்கள், ஷூ கம்பெனி டிஸ்பாட்ச் பையன்கள் என்று கலந்து வருவார்கள். அவர்களோடு முட்டி மோதிக் கண்டுபிடித்த வழியைத்தான் இங்கே எழுதுகிறேன். காசு கட்ட வேண்டிய கருவி எதுவும் இதற்குத் தேவையில்லை.

முதலில் ஒரு மெயிலைப் பார்ப்போம்

குடியாத்தத்திலிருந்து வரும் ஒரு தம்பி, முதல் நாள் எழுதிக் காட்டியது இது. தமிழ் எழுத்தில் தருகிறேன், வாய்விட்டுப் படித்துப் பாருங்கள்:

"டியர் சார், மைசெல்ஃப் ஃப்ரம் தி டிஸ்பாட்ச் செக்‌ஷன். ஐ ஹேவ் சென்ட் தி சாம்பிள்ஸ் எஸ்டர்டே இட்செல்ஃப். பையர் டிட் நாட் ரிசீவ்ட் இட். வீ டிஸ்கஸ்ட் அபௌட் தி டிலே வித் கூரியர். ஒன் ஆஃப் தி பாக்ஸ் வாஸ் டேமேஜ்ட். கைண்ட்லி கிவ் யுவர் அட்வைசஸ்."

ஆறு வாக்கியம், பத்துப் பிழை. ஆனால் பத்தும் வானத்திலிருந்து விழவில்லை. பெரும்பாலானவை தமிழிலிருந்து நடந்து வந்தவை. 'நேற்றே அனுப்பியிருக்கிறேன்' என்று மனசுக்குள் ஓடுகிறது; 'இருக்கிறேன்' போய் 'ஹேவ்' ஆகிறது, 'நேற்றே'யின் ஏகாரம் போய் 'இட்செல்ஃப்' ஆகிறது. 'தாமதத்தைப் பற்றிப் பேசினோம்' என்பதில் உள்ள 'பற்றி'தான் 'அபௌட்'. 'அறிவுரைகள்' தமிழில் சரி, அதனால் 'அட்வைசஸ்'. பையருக்கு முன்னால் 'தி' இல்லை, கூரியருக்கு முன்னாலும் இல்லை, ஏனென்றால் தமிழில் அந்த இடத்தில் ஒன்றுமே வராது.

இதைப் புரிந்துகொண்டால் பாதி வேலை முடிந்தது. கருவி 'இது தப்பு' என்று மட்டும்தான் சொல்லும், 'உன் தமிழிலிருந்து இது இப்படி வந்தது' என்று சொல்லாது. அதை நாம்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

ஆரம்பிக்கும் முன் இரண்டு செட்டிங்

வேர்டில் எழுதுபவர்கள் ரிவ்யூ, லாங்குவேஜ், செட் ப்ரூஃபிங் லாங்குவேஜ் என்று போய் இங்கிலீஷ் இந்தியா என்றோ யுகே என்றோ வைத்துக்கொள்ளுங்கள். அமெரிக்கா என்று இருந்தால் 'கலர்' என்பதில் நாம் போடும் 'யு' எழுத்துக்குக்கூடச் சிவப்புக் கோடு விழும். அப்புறம் எது நிஜப் பிழை, எது சும்மா என்று தெரியாமல் எல்லாக் கோட்டையும் அலட்சியம் பண்ண ஆரம்பித்துவிடுவீர்கள். கூகுள் டாக்ஸில் ஃபைல் மெனுவுக்குள்ளேயே லாங்குவேஜ் இருக்கிறது.

இரண்டாவது, போன் கீபோர்டில் ஆட்டோ கரெக்‌ஷனை அணைத்துவிடுங்கள். தப்பாக அடித்ததை உங்களுக்குத் தெரியாமலேயே திருத்துகிற கருவியிடம் ஒன்றும் கற்க முடியாது. தப்பு கண்ணுக்குத் தெரிய வேண்டும்.

படி 1: கருவி இல்லாமல் எழுதுங்கள்

பதினைந்து நிமிடம், நூற்றைம்பது வார்த்தை, போதும். வெள்ளைப் பேப்பர் என்றால் இன்னும் நல்லது. எதைப் பற்றி எழுதுவது என்று எல்லோரும் கேட்பார்கள். எந்தப் பிழை உங்களுக்கு அதிகம் வருகிறதோ அதை இழுத்து வெளியே கொண்டுவரும் தலைப்பாக எடுங்கள்.

இறந்தகாலம் தடுமாறினால், 1806 ஜூலை 10ஆம் தேதி வேலூர்க் கோட்டையில் நடந்த சிப்பாய்ப் புரட்சியைப் பத்து வாக்கியத்தில் எழுதுங்கள். முடிந்துபோன தேதி, அதனால் 'ஹேவ்' எங்கேயும் நுழைய முடியாது. 'எ', 'தி' தடுமாறினால், காட்பாடி ஜங்ஷனில் இறங்கிய ஒருவருக்கு ஸ்ரீபுரம் பொற்கோயிலுக்கு வழி சொல்லுங்கள். பாலம், சிக்னல், பஸ் ஸ்டாண்ட் என்று ஒவ்வொரு பெயர்ச்சொல்லுக்கு முன்னாலும் கை நிற்கும். எண்ணக்கூடியது, எண்ண முடியாதது குழப்பம் என்றால் ஆற்காடு மக்கன் பேடா செய்முறை எழுதுங்கள். கோவா, மைதா, சர்க்கரை, நெய் ஆகிய எதற்கும் 'எஸ்' வராது, முந்திரிக்கும் பேடாவுக்கும் வரும். எழுதி முடிப்பதற்குள் பசி வந்துவிடும், அது வேறு விஷயம்.

படி 2: கண்ணால் இல்லை, காதால்

எழுதியதை நாமே படித்தால், இல்லாத வார்த்தையையும் மூளை போட்டுப் படித்துவிடும். வேர்டில் ரிவ்யூ பக்கத்தில் ரீட் அலௌட் இருக்கிறது. ஆண்ட்ராய்டு போனில் ஆக்சஸிபிலிட்டிக்குள் செலக்ட் டு ஸ்பீக் இருக்கிறது. அதைப் படிக்கவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டு கேளுங்கள். விட்டுப்போன வார்த்தை, இரண்டு தடவை வந்த வார்த்தை, மூச்சு முட்டுகிற வாக்கியம் எல்லாம் காதில் இடறும். இடறிய இடத்தில் பென்சிலால் ஒரு புள்ளி வைத்து, நீங்களே திருத்தப் பாருங்கள்.

படி 3: இப்போது கோடு போடச் சொல்லுங்கள், ஆனால் தட்டாதீர்கள்

கிராமர்லியோ லாங்குவேஜ்டூலோ, ஏதாவது ஒன்று போதும். முதலாவது 2009இல் உக்ரைன்காரர்கள் தொடங்கியது, இங்கிலீஷில் கொஞ்சம் அதிகமாகப் பேசும். இரண்டாவது திறந்த மூலத்தில் வளர்ந்தது, இலவசத்திலேயே நன்றாக வேலை செய்யும். இரண்டையும் ஒரே நேரத்தில் பிரௌசரில் போட்டுவைக்காதீர்கள், ஒரே வார்த்தைக்கு இரண்டு கோடு விழுந்து கண் வலிக்கும்.

கோடு விழுந்ததும் விரல் தானாகப் போகும். நிறுத்துங்கள். ஒவ்வொரு கோட்டையும் மூன்றில் ஒன்றில் சேர்க்க வேண்டும். ஒன்று, பார்த்த உடனே 'அட, தெரியுமே' என்று தோன்றுவது. அது கை தவறியது. இரண்டு, எவ்வளவு பார்த்தாலும் என்ன தப்பு என்றே புரியாதது. அது நிஜமான பிழை. மூன்று, கருவி சொல்வதுதான் தப்பு.

முதல் இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை 1967இலேயே பிட் கார்டர் என்ற மொழியியலாளர் பிரித்துக் காட்டினார். கை தவறியதற்கு நேரம் செலவழிக்காதீர்கள், திருத்திவிட்டுப் போய்க்கொண்டே இருங்கள். உங்கள் இங்கிலீஷ் எங்கே நிற்கிறது என்று காட்டுவது இரண்டாவது வகைதான். நோட்டில் ஏற வேண்டியதும் அதுதான்.

மூன்றாவது வகையைச் சொன்னால் பிள்ளைகள் நம்ப மாட்டார்கள். தோல் தொழிலில் 'வெட் ப்ளூ' என்று ஒன்று உண்டு. க்ரோம் போட்டுப் பதனிட்டு இன்னும் ஈரமாக, நீலம் பூத்து நிற்கும் தோல். ஒரு கருவி, பெயர் வேண்டாம், 'வெட்'டுக்கும் 'ப்ளூ'வுக்கும் நடுவில் கமா போடச் சொன்னது. போட்டிருந்தால் ஈரமான, நீல நிறமான ஏதோ ஒன்று என்று ஆகியிருக்கும், பையர் சிரித்திருப்பார். உங்கள் தொழில் வார்த்தை உங்களுக்குத்தான் தெரியும், கருவிக்குத் தெரியாது. அந்த வார்த்தைகளை அதன் பர்சனல் டிக்‌ஷனரியில் சேர்த்துவிட்டால் தொல்லை விடும்.

தம்பியின் மெயிலைக் கருவியில் போட்டபோது பத்தில் ஆறுக்குக் கோடு விழுந்தது. 'மைசெல்ஃப்' மாட்டியது, 'டிட் நாட் ரிசீவ்ட்' மாட்டியது, 'ஒன் ஆஃப் தி பாக்ஸ்' மாட்டியது, 'ஹேவ் சென்ட் எஸ்டர்டே' மாட்டியது, 'டிஸ்கஸ்ட் அபௌட்' மாட்டியது, 'அட்வைசஸ்' மாட்டியது. 'எஸ்டர்டே இட்செல்ஃப்' தப்பித்தது. சாம்பிள்ஸ் என்று பன்மை சொல்லிவிட்டு 'இட்' என்று போட்டதும் தப்பித்தது. விட்டுப்போன இரண்டு 'தி'யும் தப்பித்தன. நாளைக்கு வேறு கருவியில் போட்டால் வேறு நான்கு தப்பிக்கலாம்.

படி 4: கூகுளில் அர்த்தம் தேடாதீர்கள், கற்பவர் அகராதியைத் திறங்கள்

இங்கிலீஷ்காரர்களுக்கான அகராதி வேறு, இங்கிலீஷ் கற்பவர்களுக்கான அகராதி வேறு. இரண்டாவது வகையில் பெரிய பெயர் ஏ.எஸ்.ஹார்ன்பி. ஜப்பானில் இங்கிலீஷ் சொல்லிக் கொடுத்தவர். அவர் அங்கே தொகுத்து 1942இல் வெளிவந்ததுதான் பின்னால் ஆக்ஸ்ஃபோர்டின் கற்பவர் அகராதி ஆனது. நம்மைப் போன்ற வெளியாளுக்கு எங்கே சறுக்கும் என்று யோசித்துச் செய்தது. ஆக்ஸ்ஃபோர்ட் லேர்னர்ஸ், கேம்பிரிட்ஜ், லாங்மேன் மூன்றும் இணையத்தில் இலவசம்.

அதில் அர்த்தத்தைத் தாண்டி மூன்று இடத்தைப் பாருங்கள். பெயர்ச்சொல் என்றால் எண்ணக்கூடியதா இல்லையா என்ற குறி. 'அட்வைஸ்' பக்கத்தில் எண்ண முடியாதது என்று பளிச்சென்று இருக்கும். அங்கேயே 'எ பீஸ் ஆஃப் அட்வைஸ்' என்றும் கொடுத்திருப்பார்கள். வினைச்சொல் என்றால் அதற்குப் பின்னால் என்ன வரும் என்ற மாதிரி. 'டிஸ்கஸ்' பக்கத்தில் 'டிஸ்கஸ் சம்திங் வித் சம்பாடி' என்று இருக்கும். 'அபௌட்' எங்கே? இல்லை. பதினோரு வருடம் என் மேனேஜர் அடித்ததை இந்த ஒரு வரி ஒரு நிமிடத்தில் விளக்கிவிட்டது. மூன்றாவது, உதாரண வாக்கியங்கள். அவற்றில் ஒன்றை எடுத்து, வார்த்தைகளை மட்டும் உங்கள் வேலைக்கு மாற்றி ஒரு வாக்கியம் எழுதிவிடுங்கள்.

படி 5: கார்ப்பஸ்

இதைத்தான் யாரும் சொல்லித் தருவதில்லை, இதில்தான் எனக்கு ருசி. கார்ப்பஸ் என்றால் நிஜமாக மனிதர்கள் எழுதியும் பேசியும் வைத்த இங்கிலீஷை மலைபோல் குவித்து, அதில் தேட வழி செய்து வைத்திருப்பது. ஒரு வார்த்தையைப் போட்டால் அது வருகிற வரிகளை எல்லாம் ஒன்றின் கீழ் ஒன்றாக அடுக்கிக் காட்டும். விதியை யாரும் சொல்ல மாட்டார்கள், வரிகளைப் பார்த்து நீங்களே கண்டுபிடிக்க வேண்டும். பர்மிங்ஹாம் பல்கலைக்கழகத்தில் டிம் ஜான்ஸ் என்ற ஆசிரியர் இந்த முறையை வகுப்பறைக்குக் கொண்டுவந்தார்.

தொடங்க ஸ்கெல் போதும். ஸ்கெட்ச் எஞ்சின் என்ற கார்ப்பஸ் கருவியைச் செய்தவர்கள் கற்பவர்களுக்கென்று இலவசமாக வைத்திருப்பது, லாகின்கூட வேண்டாம். 'டிஸ்கஸ்' என்று போடுங்கள். எக்ஸாம்பிள்ஸ் பகுதியில் வரிசையாக வாக்கியங்கள் வரும். வார்த்தைக்கு வலது பக்கம் மட்டும் பார்வையை மேலிருந்து கீழே ஓட்டுங்கள். இஷ்யூ, மேட்டர், டாபிக் என்று நேராகப் பெயர்ச்சொல்லில் போய் இடிக்கும். நடுவில் 'அபௌட்' தென்படாது. பக்கத்தில் வேர்ட் ஸ்கெட்ச் என்று ஒரு பகுதி, எந்த வார்த்தையோடு எது சேரும் என்பதைக் கூட்டம் கூட்டமாகப் பிரித்துத் தரும். 'டூ எ மிஸ்டேக்'கா 'மேக் எ மிஸ்டேக்'கா என்ற சண்டை அங்கே பத்து நொடியில் முடியும்.

இன்னும் ஆழம் போக விரும்பினால் கோகா என்ற கார்ப்பஸ். அமெரிக்க இங்கிலீஷ், 1990 முதல் 2019 வரை, நூறு கோடிக்கும் மேல் வார்த்தைகள், மார்க் டேவிஸ் கட்டியது. இலவசமாகப் பதிவு செய்துகொள்ளலாம், தேடலுக்கு வரம்பு உண்டு. பிரிட்டிஷ் வழக்கு வேண்டும் என்றால் பிரிட்டிஷ் நேஷனல் கார்ப்பஸ், பத்துக் கோடி வார்த்தை. ஆனால் அது போன நூற்றாண்டுக் கடைசியோடு நின்றுவிட்டது, அதனால் வாட்ஸ்அப் கால வார்த்தைகளை அதில் தேடாதீர்கள். சீக்கிரம் ஒப்பிட்டுப் பார்க்க கூகுள் புக்ஸ் என்கிராம் வ்யூவர் நல்லது. இரண்டு சொற்றொடரைக் கமா போட்டுக் கொடுத்தால், புத்தகங்களில் எது எவ்வளவு வந்திருக்கிறது என்று கோடு வரைந்து காட்டிவிடும்.

இங்கே ஒரு பள்ளம் இருக்கிறது, எல்லோரும் விழுவார்கள். சாதாரண கூகுள் தேடலில் மேற்கோள் குறி போட்டு 'டிஸ்கஸ் அபௌட்' என்று தேடினால் நிறையப் பக்கம் வரும். தம்பி கேட்டான்: "இன்னா சார், தப்புன்றீங்க, இவ்ளோ பேர் எழுதிக்கினு கீறாங்க?" நியாயமான கேள்விதான். அந்தப் பக்கங்களைத் திறந்து பார்த்தால் பாதி நம்மைப் போன்றவர்கள் எழுதியது, மீதியில் 'டிஸ்கஸ்' ஒரு வாக்கியத்தின் முடிவு, 'அபௌட்' அடுத்ததின் தொடக்கம். எத்தனை வந்தது என்று மட்டும் பார்த்தால் ஏமாந்துபோவோம். யார் எழுதியது, எந்த இடத்தில் வந்தது என்று வரியைப் படிக்க வேண்டும்.

'எ', 'தி' என்ற ஆர்ட்டிகிளுக்கும் கார்ப்பஸ் உதவும். ஆற்றின் பெயருக்கு முன்னால் 'தி' வரும், ஊரின் பெயருக்கு வராது. தேம்ஸ், கங்கை, காவிரி எதைப் போட்டாலும் முன்னால் 'தி' நிற்பதைப் பார்க்கலாம். அதனால் 'வேலூர்' சும்மா, பாலாறு 'தி பாலார்'. தண்ணீர் இல்லாவிட்டாலும் ஆறு ஆறுதான்.

படி 6: ஏஐயிடம் எப்படிக் கேட்பது

2022 நவம்பர் கடைசியில் சாட்ஜிபிடி வந்த பிறகு என் கிளாஸில் எல்லோருடைய இங்கிலீஷும் ஒரே மாதத்தில் அழகாகிவிட்டது. எல்லோருடையதும் ஒரே மாதிரி அழகு. கையில் பேனாவைக் கொடுத்தால் பழைய 'டிட் நாட் ரிசீவ்ட்'.

'கரெக்ட் திஸ்' என்று மட்டும் கேட்டால் அது முழுசாக மாற்றி எழுதிவிடும், எது பிழை, எது அதன் இஷ்டம் என்று தெரியாது. அதனால் நான் எழுதித் தருவது இது, தமிழிலேயே போடலாம்:

"என் தாய்மொழி தமிழ். கீழே உள்ளதைத் திருத்தி எழுதாதே. எந்த வாக்கியத்தில் பிழை என்று எண் மட்டும் சொல். ஒவ்வொன்றுக்கும் ஒரு சின்னக் குறிப்பு கொடு, விடையைச் சொல்லாதே. நான் திருத்தி அனுப்புவேன், அப்போது சரியா என்று பார். இந்தியாவில் மட்டும் புழங்கும் வழக்காக இருந்தால் பிழை என்று சொல்லாமல் வழக்கு என்று சொல்."

இப்படிக் கேட்டால் அது மேனேஜர் வேலையை விட்டுவிட்டு வாத்தியார் வேலை பார்க்கும். நடுவில் மறந்துபோய் விடையைக் கொட்டிவிடும், இன்னொரு தடவை ஞாபகப்படுத்துங்கள்.

அது சொல்லும் விளக்கத்தை அப்படியே நம்பாதீர்கள். திருத்தம் சரியாக இருக்கும், காரணம் தப்பாக இருக்கும், அதுவும் ரொம்பத் தைரியமாகச் சொல்லும். நான் ஒரு சோதனை வைத்திருக்கிறேன்: அகராதியிலிருந்து சரியான வாக்கியம் ஒன்றை எடுத்துக் கொடுத்து 'இதில் என்ன பிழை' என்று கேட்பேன். சில நாள் 'பிழை இல்லை' என்னும், சில நாள் இல்லாத பிழையைக் கண்டுபிடித்துத் தரும். சந்தேகம் வந்தால் படி 4க்கும் 5க்கும் திரும்பிப் போங்கள்.

ஒரு எச்சரிக்கை. நர்ஸ் பிள்ளைகள் நிஜ நோயாளியின் குறிப்பை எடுத்து அப்படியே போட்டுத் திருத்தக் கேட்பதைப் பார்த்திருக்கிறேன். வேண்டவே வேண்டாம். பெயர், வயது, ஆஸ்பத்திரி நம்பர் எல்லாம் எடுத்துவிட்டு, முடிந்தால் கற்பனை நோயாளியாக மாற்றிப் போடுங்கள். கம்பெனி மெயிலில் பையர் பெயரும் விலையும் அப்படித்தான்.

கோடே விழாத பிழைகள்

இதைத் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் கருவி பச்சை டிக் கொடுத்ததும் நாம் நிம்மதியாகிவிடுகிறோம். நான் ஒருமுறை நிறம் மாற்றிய சாம்பிளை ஒரு ஜெர்மன் பையருக்கு அனுப்பிவிட்டு 'ப்ளீஸ் ரிவர்ட் ஆன் தி கலர்' என்று எழுதினேன். பதில் சொல்லுங்கள் என்பது என் எண்ணம். அங்கே 'ரிவர்ட்' என்றால் பழைய நிலைக்குத் திரும்புவது. பழைய நிறத்துக்கே போகலாம் என்று நாங்கள் சொல்வதாக அவர் எடுத்துக்கொண்டு, அப்படியானால் புதிய சாம்பிள் எதற்கு என்று கோபப்பட, இரண்டு நாள் மெயிலிலேயே போனது. அந்த வாக்கியத்தை இன்றைக்கு எந்தக் கருவியில் போட்டாலும் இலக்கணம் சுத்தம்.

'டவுட்' அதே ஜாதி. 'ஐ ஹேவ் எ டவுட்' என்று நாம் கேள்வி கேட்பதற்குச் சொல்கிறோம். வெளியூர்க்காரர் காதில் அது நம்பிக்கை இல்லை என்று விழும். 'டுடே இட்செல்ஃப்', 'ஹியர் ஒன்லி' இரண்டும் நம் ஏகாரமும் 'தான்' என்பதும் போட்ட வேஷம். 'பாஸ்ட் அவுட்', 'அவுட் ஆஃப் ஸ்டேஷன்' பற்றிக் கேட்டால் என் கருத்து இதுதான்: வேலூரிலிருந்து சென்னைக்கு எழுதும்போது தாராளமாக எழுதுங்கள், இந்திய இங்கிலீஷும் இங்கிலீஷ்தான், யாரும் வெட்கப்பட வேண்டியதில்லை. கடல் தாண்டிப் போகிற மெயிலில் மட்டும் ஒரு பட்டியல் வைத்துக்கொண்டு கண்ட்ரோல் எஃப் போட்டுத் தேடுங்கள். என் பட்டியலில் எட்டு வார்த்தை இருக்கிறது, 'ரிவர்ட்' முதலிடம்.

படி 7: நோட்டு

இது ஆன்லைன் கருவி இல்லையே என்பீர்கள். கூகுள் ஷீட்டில் போட்டுக்கொள்ளுங்கள், ஆன்லைன் ஆகிவிடும். இந்த ஒன்று இல்லாமல் மேலே சொன்ன ஆறும் வீண்.

நான்கு பத்தி, அதாவது மேலிருந்து கீழே ஓடும் நான்கு வரிசை. நான் எழுதியது, சரியானது, தமிழில் எங்கிருந்து வந்தது, நானே எழுதிய புது வாக்கியம். தம்பியின் நோட்டில் மூன்றாவது பத்தியைப் பாருங்கள். 'டிட் நாட் ரிசீவ்ட்' என்பதற்கு நேராக அவன் எழுதியிருந்தது: "வரவில்லை என்போம், வந்தவில்லை என்போமா?" நான் சொல்லித் தரவில்லை, அவனாகவே பிடித்தது. தமிழிலும் இல்லை என்று வந்துவிட்டால் வினையில் இறந்தகாலம் ஏறாது, இங்கிலீஷில் அந்தப் பாரத்தை 'டிட்' தூக்கிக்கொள்கிறது. 'ஒன் ஆஃப் தி பாக்ஸ்' என்பதற்கு நேராக: "பெட்டி-களில் ஒன்று. 'கள்' இருக்கு." ஆக எல்லாப் பிழைக்கும் தமிழ் காரணம் இல்லை, சில இடத்தில் தமிழைக் கேட்டாலே சரியான விடை வரும்.

வாரத்துக்கு ஒருமுறை எண்ணுங்கள். நூறு வார்த்தைக்கு எத்தனை பிழை, அதில் எந்த வேர், அதாவது எந்த மூலக் காரணம், அதிகம். ஒரு நேரத்தில் மூன்று வேரை மட்டும் துரத்துங்கள். பத்தையும் துரத்தினால் ஒன்றும் மாட்டாது, வேலூர் வெயிலில் ஓடிய களைப்புதான் மிஞ்சும்.

திருத்துவதால் பயன் உண்டா என்று அறிஞர்களுக்குள்ளேயே பெரிய சண்டை நடந்தது. 1996இல் ஜான் ட்ரஸ்காட் என்பவர் எழுத்து வகுப்பில் இலக்கணத் திருத்தத்தால் பயனில்லை, விட்டுவிடலாம் என்றே எழுதினார். 1999இல் டேனா ஃபெரிஸ் அவசரப்படாதீர்கள் என்று பதில் எழுதினார். என் பதினோரு வருடத்தை வைத்துப் பார்த்தால் ட்ரஸ்காட் பக்கம் சாயத் தோன்றும். தம்பியின் மூன்றாவது பத்தியைப் பார்த்தால் ஃபெரிஸ் பக்கம்.

படி 8: ஒரு வாரம் கழித்து

படி 1இல் எழுதியதையே, பழையதைப் பார்க்காமல், மறுபடி எழுதுங்கள். பிறகு இரண்டையும் வேர்டின் கம்பேர் வசதியிலோ டிஃப்செக்கர் என்ற இணையதளத்திலோ போட்டால் மாறிய இடமெல்லாம் நிறத்தில் தெரியும்.

இதே கருவியில் இன்னொரு வேலையும் செய்யலாம். நல்ல இங்கிலீஷ் பத்தி ஒன்றை நீங்களே தமிழாக்கி வைத்துவிட்டு, நான்கு நாள் கழித்து அந்தத் தமிழை மட்டும் பார்த்து இங்கிலீஷுக்குத் திருப்புங்கள். அசலோடு ஒப்பிடுங்கள். ராஜர் ஆஸ்கம் என்பவர் 16ஆம் நூற்றாண்டில் லத்தீன் கற்க இதைத்தான் சொன்னார், அப்போது நிறம் போட்டுக் காட்டக் கருவி இல்லை, அவ்வளவுதான். 'எ', 'தி' தடுமாற்றத்துக்கு இதைவிட நல்ல மருந்து நான் பார்த்ததில்லை. மொழிபெயர்ப்பை மட்டும் கூகுளிடம் கொடுத்துவிடாதீர்கள், அப்புறம் இது அதனுடைய பயிற்சி ஆகிவிடும்.

தேர்வுக்குப் படிப்பவர்களுக்கு

வெளிநாட்டில் படிக்க, வேலை பார்க்கப் போகிறவர்கள் எழுதும் இங்கிலீஷ் தேர்வு ஐஇஎல்டிஎஸ். அதில் ரைட்டிங் ஒரு மணி நேரம். முதல் கேள்வி குறைந்தது 150 வார்த்தை, இரண்டாவது 250. நான்கு அளவுகோலில் ஒன்று இலக்கணத்தின் வீச்சும் சுத்தமும், அதாவது கால் பங்கு மதிப்பெண். மருத்துவத் துறையினருக்கான இங்கிலீஷ் தேர்வான ஓஇடி என்றால் 45 நிமிடத்தில் ஒரு கடிதம், நர்ஸ்களுக்குப் பெரும்பாலும் ரெஃபரல் லெட்டர். இரண்டிலும் உங்கள் சொந்தக் கருவி எதுவும் பக்கத்தில் இருக்காது, அதனால் படி 1ஐ எவ்வளவு செய்கிறீர்களோ அவ்வளவு நல்லது. கேம்பிரிட்ஜின் ரைட் அண்ட் இம்ப்ரூவ் என்ற இணையதளம் இலவசம். எழுதிப் போட்டால், தொடக்க நிலையான ஏ1 முதல் உச்ச நிலையான சி2 வரை எந்த நிலை என்று சொல்லும். பல இடங்களில் இந்த வாக்கியத்தைப் பார் என்று நிறத்தால் மட்டும் காட்டும், என்ன பிழை என்று நாம்தான் தேட வேண்டும். பிள்ளைகள் இதைக் குறை என்கிறார்கள், எனக்குப் பிடித்ததே அதுதான்.

போன வியாழக்கிழமை தம்பி ஒரு மெயிலைக் காட்டினான். கருவியில் போடாமல் எழுதியது. 'அட்வைஸ்' என்று எழுதிவிட்டு 'எஸ்' போடக் கை போனதாம், நின்றுவிட்டதாம். 'தி பையர் டிட் நாட் ரிசீவ் தெம்' என்று சுத்தமாக இருந்தது. அதற்கு அடுத்த வரியில் 'எக்விப்மென்ட்ஸ்' என்று இருந்தது. ஒன்றும் சொல்லாமல் பென்சிலால் புள்ளி மட்டும் வைத்துக் கொடுத்தேன். கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, போனை எடுத்து அகராதியைத் திறந்தான்.